பத்தொன்பது லிட்டருக்கு ஆள் வேண்டும்

1

என்னைக் கதை எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் கோரல். அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"எங்க ஆளு கெக்ல பியர் ரொப்புன கதைய எழுது," என்றாள் தொலைபேசியில். "நீதான் எழுதுறவனாமே. உன் ஷிஃப்ட் சியோனே சொன்னான்."

"எழுதலாம். ஆனா..."

"அவனப் பாவம்னு மட்டும் எழுதாத. பாவம்னு எழுதியிருக்கன்னு தெரிஞ்சுது, வந்து கால ஒடிப்பேன்."

ஆக இந்தக் கதையின் மூலம் இதுதான்: ஒரு மிரட்டல். கோரலின் புருஷன் நெவில், வீட்டில் காய்ச்சிய பியரை முதல் தடவையாகக் கெக்கில் அடைத்தான். அதை யார் குடித்தார்கள் என்பதுதான் கதை. கெக் என்றதும் மரப்பீப்பாயை நினைத்துவிடாதீர்கள். சோடாக் கம்பெனிக்காரர்கள் ஒரு காலத்தில் கடைகளுக்குச் சர்பத் அனுப்பிய எஃகு உருளை அது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பத்தொன்பது லிட்டர் பிடிக்கும். தலையில் இரண்டு மூக்கு: ஒன்றில் கேஸ் (அடுப்பு கேஸ் இல்லை, சோடாவில் ஏற்றுகிற கேஸ்) உள்ளே போகும், மற்றதில் பியர் வெளியே வரும்.*

* பழைய கெக்குகளின் ரப்பர் வளையங்களில் நன்னாரி வாசம் ஏறிக் கிடக்கும். மாற்றாமல் விட்டால் பியரும் நன்னாரியாக மணக்கும். அப்படி மணந்திருந்தால் கதைக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நெவில் ஐந்து வளையத்தையும் மாற்றிவிட்டான். ஒழுங்கான ஃபிட்டரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கஷ்டம்.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன்.

"கடலோரத்து எஃகாலையின் புகைபோக்கிகள் விடியலின் செம்மையில்..." இல்லை. புகைபோக்கியை ரசிக்கிறவன் அதன் அடியில் வேலை பார்த்தவனாக இருக்க மாட்டான். நாங்கள் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. நிமிர்ந்தால் கண்ணில் தூசி விழும்.

"நெவில் நல்ல மனிதன்." அடித்துவிட்டேன். எங்கள் ஷிஃப்ட்டில் பத்துப் பேர் இதற்கு எதிராகக் கை தூக்குவார்கள்.

"நெவில் கருங்காலி."

இது நிற்கும். பத்துப் பேரும் ஒப்புக்கொள்வார்கள். நெவிலும் மறுக்க மாட்டான். இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன், கடல் கடந்த ஊரில் இருக்கிற எங்கள் எஃகு ஆலையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்பதாவது வாரத் திங்கட்கிழமை காலை, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பேருந்து ஒன்று கேட்டுக்குள் போனது. உள்ளே பதினோரு பேர். மூன்றாவது வரிசையில் நெவில். பத்தாவது வாரம் நிர்வாகம் இறங்கிவந்து, கேட்டதில் பாதியைக் கொடுத்தது. சம்பள உயர்வு எல்லோருக்கும் வந்தது. கேட்டில் மழையில் நின்றவனுக்கும் வந்தது, பேருந்தில் போனவனுக்கும் வந்தது. மன்னிக்க முடியாமல் போனது அதைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வழக்கமான பாருக்குப் போனார்கள். அந்த ஊரில் தனக்கு மட்டும் என்று யாரும் பியர் வாங்குவதில்லை. ஒருத்தன் எழுந்து போய் எல்லோருக்கும் வாங்கிவருவான், அடுத்த ரவுண்டு அடுத்தவன். பெரிய சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதை மீறினவன் ஊரில் இல்லை. தன் முறை வந்ததும் நெவில் ஒன்பது கிளாஸ் வாங்கிவந்து மேஜையில் வைத்தான். சங்கப் பிரதிநிதி ரிஸ்தோ எழுந்தான். போய்த் தனக்கு மட்டும் ஒன்று வாங்கிவந்தான். பிறகு மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருத்தனாக எழுந்து போய் அவனவனுக்கு வாங்கிவந்தார்கள். ஒன்பது கிளாஸிலும் கை படவில்லை.

நெவில் அதன் பிறகு பாருக்குப் போகவில்லை. வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தான்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது இதற்கு இரண்டு வருஷம் கழித்து. முதல் நாள் ஹெல்மெட் கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள், காது அடைப்பான் கொடுத்தார்கள். நாலாவதாக சியோனே ஒன்று கொடுத்தான். தொங்காத் தீவிலிருந்து வந்தவன், கிரேன் சங்கிலியைத் தோளில் போட்டு நடக்கிற உடம்பு, சின்னக் குரல்.

"அந்தா மூலையில உக்காந்திருக்கான் பாரு, அவன்கூட வேல பாக்கலாம். சேந்து குடிக்க மட்டும் கூடாது. ஏன்னு சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்."

கையெழுத்து இல்லாமலே அதையும் வாங்கிக்கொண்டேன்.

3

இந்த இடத்தில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கை அரிப்பு வரும். நெவில் ஏன் பேருந்தில் ஏறினான்? எனக்கும் வந்தது. முதல் பிரதியில் அவனுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்து, அதற்குக் காய்ச்சலும் கொடுத்தேன். மருந்து பாட்டில், மழை, மனைவியின் விசும்பல் எல்லாம் இருந்தது. தொலைபேசியில் கோரலுக்கு வாய்வழியாகச் சொல்லிக் காட்டினேன்.

"யாருக்குக் காய்ச்சல்?"

"உங்க பொண்ணுக்கு. அப்ப அஞ்சு வயசு."

"அந்த வருஷம் எங்க வீட்ல ஒருத்தர்கூடத் தும்மல. அப்புறம் நான் விசும்புறேனா? நானா?"

"அது கதைக்காக..."

"நான் அவன் கால்சட்டைய ஒளிச்சு வெச்சேன்டா. பஸ்ல ஏறக் கூடாதுன்னு. அவன் தோட்டத்துக்குப் போடுற அரைக்கால் சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"அப்ப எதுக்குத்தான் போனாரு?"

"சும்மா உக்காந்திருக்க முடியல அவனால. எட்டு வாரம். ஒரே சுவருக்கு மூணு தடவ பெயின்ட் அடிச்சான். எப்படியும் தோத்துடுவோம்னு நெனச்சுட்டான். அவ்ளோதான். பெரிய காரணமெல்லாம் இல்ல."

குழந்தையையும் காய்ச்சலையும் எடுத்துவிட்டேன். கதை இளைத்துவிட்டது. பரவாயில்லை. பெரிய காரணம் இல்லாமல் செய்த தப்புக்குத்தான் தண்டனை நீளமாக இருக்கிறது. பெரிய காரணம் இருந்திருந்தால் யாராவது எப்போதாவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

4

அங்கே இன்னொரு வழக்கம். ஓய்வு பெறுகிறவன் கடைசி ஷிஃப்ட் முடிந்த மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுப்பான். யாரும் தவறாமல் போவார்கள். பிடிக்காதவன்கூடப் போய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்புவான்.

நெவிலுக்குக் கடைசி ஷிஃப்ட் மார்ச் மாதக் கடைசி வெள்ளி. அவனுக்குப் பரிசு, பேச்சு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தான் காய்ச்சிய பியரை அந்தப் பத்துப் பேரில் ஒருத்தனாவது தன் வீட்டு வாசலில் நின்று குடிக்க வேண்டும். ஒரே ஒருத்தன். அது நடக்காமல் ஆலையை விட்டு வந்தால், பதினாலு வருஷமும் அவனோடேயே வீட்டுக்கு வந்துவிடும்.

ஜனவரியில் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கோரலிடம் வந்து சொன்னான்: "கெக் வாங்கப் போறேன்."

"பாட்டில் என்ன ஆச்சு? ஷெட்டு நெறைய பாட்டில் கெடக்கு."

"பாட்டில்னா நான் எடுத்துத் தெறந்து கையில குடுக்கணும். குடுத்தா அது ரவுண்டு. என் ரவுண்ட வாங்க மாட்டானுங்க."

"சரி."

"கெக்னா குழா இருக்கும். அவனவன் போய் அவனவன் கிளாஸ்ல பிடிச்சுக்கலாம். நான் குடுக்கல. அவன் வாங்கல. அப்ப அது ரவுண்டு இல்லல்ல?"

கோரல் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம், நெவ். பைப் மாட்டப் போயிட்ட."

(நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "பியர் கெக் ஒரு குறியீடா?" என்று கேட்டார். இல்லை. பியர் கெக் ஒரு பியர் கெக். குறியீட்டில் குழாய் வைக்க முடியாது.)

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாட்டில் தனி ஆளுக்கானது. திறந்தால் அரை மணி நேரத்தில் ஒருத்தன் முடித்துவிடலாம். பத்தொன்பது லிட்டரை ஒருத்தன் முடிக்க முடியாது. கெக் வாங்குகிறவன் ஆள் வரும் என்று நம்புகிறான். நெவில் அந்த நம்பிக்கையைப் பழைய சாமான் விற்கிறவனிடம் போய் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது.

5

கடைசி வெள்ளிக்கு ஆறு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, நிரப்பினான்.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவில் துளை போட்டுக் குழாய் மாட்டியிருந்தான். துளை அவ்வளவு நேர்த்தி. கெக்கில் கிருமிநாசினி ஊற்றி, அதன் நுரை தெருவுக்கு வழிகிற வரைக்கும் குலுக்கினான். காய்ச்சிய வாளியின் அடிக் குழாயிலிருந்து மெல்லிய டியூபை இறக்கிக் கெக்கின் அடியைத் தொட வைத்தான். பியருக்குக் காற்றுப் படக் கூடாது. சளசளவென்று விழக் கூடாது. சத்தமில்லாமல் ஏற வேண்டும். ஷெட் தரையில் மண்டி போட்டு, எஃகின் மேல் உள்ளங்கையை வைத்துக் குளிர் எந்த அளவுக்கு ஏறுகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். குளிர் கழுத்தை எட்டியதும் டியூபை உருவி மூடியைப் போட்டான். பிடியை மடக்கி அழுத்தியதும் மூடி "டப்" என்று உட்கார்ந்தது.

அந்த "டப்" சத்தத்துக்கு அவன் சிரித்தான் என்று கோரல் சொல்கிறாள். கோரல் ஷெட்டில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். இருக்கட்டும், சிரிக்கட்டும்.

கடைசியாக, கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நைலான் வாஷர், சட்டைப் பொத்தான் அளவு. கையால் முறுக்கி, ஸ்பேனரால் ஒரு கால் சுற்று தொட்டால் போதும். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் நெவில் முப்பத்தெட்டு வருஷம் நிலக்கரியைச் சுடும் கோக் அடுப்புகளில் கேஸ் பைப் மாட்டியவன். ஒரு கை நீள ஸ்பேனரை எடுத்தான். தோளைக் கொடுத்து முறுக்கினான். அவன் உடம்புக்குத் தெரிந்த இறுக்கம் அதுதான். உள்ளே வாஷர் இரண்டாகப் பிளந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை.

சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் குமிழி காட்டிக்கொடுத்திருக்கும். இதை நெவிலுக்கு நீங்களும் நானும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் தடவவில்லை? இங்கேதான் நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்றேன். "அவசரத்தில் மறந்து..." என்று எழுதிப் பார்த்தேன். அவசரப்படுகிற ஆளில்லை. "தன் கையின் மேல் இருந்த கர்வத்தில்..." அதுவும் பொய். பிறகு பிடிபட்டது.

ஆலையில் ஒரு விதி. ஜாயின்ட் போட்டவன் அதைச் சோதிக்கக் கூடாது. போட்டவன் கண் போட்டதை மன்னிக்கும். அதனால் இன்னொருத்தன் வந்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பான். நெவிலின் ஜாயின்ட்டுகளைப் பதினாலு வருஷமாகத் தடவிப் பார்த்தவன் ரிஸ்தோ. சியோனேயும் நானும் வேலைக்கு வேண்டியதைப் பேசுவோம், ரிஸ்தோ அதுவும் பேச மாட்டான். வருவான், பிரஷ்ஷால் தடவுவான், கண்ணை இடுக்கிப் பார்ப்பான். சரியென்றால் கட்டைவிரலை உயர்த்துவான். கசிந்தால் தாழ்த்துவான். தாழ்த்தியதை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

நெவிலின் கை ஜாயின்ட்டைப் போட்டு முடித்தது. பிறகு பழக்கப்படி அரை அடி தள்ளி நின்றது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ஸ்பேனரைத் துடைத்து மாட்டிவிட்டு, கேஸைத் திறந்து வைத்துவிட்டு அவன் சாப்பிடப் போனான்.

6

கடைசி வெள்ளி. டீ அறை. நெவில் எழுந்து நின்றான். அந்த அறையில் அவன் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"நாளைக்கு மூணு மணி, என் வீட்டு வாசல்ல. கெக் போட்டிருக்கேன். நான் யாருக்கும் ஊத்தப் போறதில்ல. குழா இருக்கு, கிளாஸ் இருக்கு. இஷ்டம்."

உட்கார்ந்துவிட்டான். யாரோ கரண்டியால் டீயைக் கலக்கினான், ரொம்ப நேரம் கலக்கினான்.

"சாசேஜ் சுடுவியா?" என்றான் சியோனே.

"கோரல் சுடுவா. வெங்காயம் வதக்கி."

சியோனே மெல்லத் திரும்பி ரிஸ்தோவைப் பார்த்தான். ரிஸ்தோ மாசிடோனியாக்காரன், சுருக்கமான ஆள், மீசை மட்டும் தாராளம். சங்கத் தேர்தலில் இருபது வருஷமாக அவனை எதிர்த்து யாரும் நின்றதில்லை.

"தலைவரே, சாசேஜுக்கு ரூல் இருக்கா?"

ரிஸ்தோ ரொட்டியை மென்று விழுங்கினான். "சாசேஜப் பத்தித் தீர்மானம் எதுவும் போடல."

"அப்ப வர்றோம்!"

"சாசேஜுக்கு," என்றான் ரிஸ்தோ.

7

சனிக்கிழமை ஒரு மணி. நெவில் ஃப்ரிட்ஜைத் திறந்தான். ரெகுலேட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. சிலிண்டரைத் தூக்கினான். வெறும் தகரம். ஏழு நாளாக ஷெட்டுக்குள் கேஸ் போய்த் தீர்ந்திருந்தது. குழாயைத் திறந்தால் பியர் வந்தது, ஆறிப்போன டீ மாதிரி. நுரை இல்லை, உயிர் இல்லை. கேஸ் மாற்றித் தரும் கடையை மத்தியானம் பன்னிரண்டுக்கே சாத்திவிடுவார்கள்.

அவன் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தான். என்னவென்று கேட்டுக்கொண்டு வந்த கோரல் முள்ளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பின்வேலியைப் பார்த்தாள்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ரிஸ்தோ வீடு. (முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். பதினாலு வருஷம் ஒரே வேலியின் இரண்டு பக்கம். வீட்டை விற்றுவிட்டுப் போக இரண்டு பேருக்குமே வீம்பு விடவில்லை.) ரிஸ்தோவும் வீட்டில் காய்ச்சுகிறவன். அவன் ஷெட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் நிற்பது தெருவுக்கே தெரியும்.

"வேணாம்," என்றான் நெவில்.

"நீ கேக்காத. நான் கேக்கறேன். ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் எலுமிச்சம்பழமும் மொளகாயும் குடுத்து வாங்கிட்டுத்தானே இருக்கோம்." வேலியருகே போய்க் குரல் கொடுத்தாள். "ரிஸ்தோ! ஏ ரிஸ்தோ! கேஸ் இருக்கா?"

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலிருந்து மீசை எழுந்தது. "எதுக்கு?"

"கெக்குக்கு."

"யார் கெக்குக்கு?"

"ஏன், உனக்குத் தெரியாது?"

ரிஸ்தோ மண்வெட்டியை நட்டு அதன் மேல் கையை வைத்தான். கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பான். நெவில் ஐந்தடி தள்ளி நின்றான். ரிஸ்தோவின் கண்ணுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை.

"கோரல், இதுல ரெண்டு விஷயம் இருக்கு."

"ரெண்டயும் சொல்லு. மூணு மணிக்குள்ள சொல்லு."

"ஒண்ணு, அவன்கூடக் குடிக்கறதில்லன்னு முடிவு. அது முடிவு. மாத்த ஒருத்தனால முடியாது, நானே நெனச்சாலும் முடியாது. ரெண்டாவது, கேஸ். கேஸ் குடிக்கற பொருளா?"

"இல்ல."

"பியருக்குள்ள போயிட்டா?"

"போனாலும் கேஸ் கேஸ்தானே. நீ ஏப்பம் விட்டா வெளிய வருதுல்ல?"

ரிஸ்தோ யோசித்தான். மீசையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஏப்பம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது வலுவான வாதம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "சரி. கேஸ் தர்றேன். உனக்குத் தர்றேன். அவனுக்கு இல்ல. அவனுக்குச் சொல்லிடு."

"அவன் இங்கதான் நிக்கறான்."

"சொல்லிடு."

கோரல் திரும்பினாள். "நெவ், கேஸ் எனக்காம்."

"கேட்டுச்சு," என்றான் நெவில்.

8

சிலிண்டரை ரிஸ்தோவே தள்ளுவண்டியில் வைத்துப் பின்கதவு வழியாகக் கொண்டுவந்தான். அந்தக் கதவு பதினாலு வருஷத் துருவில் இருந்தது. மூன்று உதை தேவைப்பட்டது. ஷெட்டுக்குள் வந்தவன், நெவில் கழற்றி வைத்திருந்த ரெகுலேட்டரைக் கையில் எடுத்தான். உள்ளே விரலை விட்டுப் பிளந்த வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

இங்கே அவன் கட்டைவிரலைத் தாழ்த்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். நான் அப்படித்தான் எழுதினேன், படித்துப் பார்த்து எனக்கே பிடித்தது. ஆனால் நடந்தது வேறு. ரிஸ்தோவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"யோவ், இத என்ன கோழிக் கழுத்துன்னு நெனச்சியா? நைலான்யா இது! நைலான்!"

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. அதுவும் திட்டு.

நெவில் பிளந்த வாஷரைப் பார்த்தபடி, "இறுக்கம் போதாதோன்னு..." என்றான்.

"போதாதா? கப்பல நிறுத்தற அளவுக்கு முறுக்கியிருக்க! சோப்பு யார் பாத்தது?"

நெவில் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். ரிஸ்தோவும் சுற்றிலும் பார்த்தான். ஷெட்டில் ஒரே ஓர் ஆள் வேலை பார்த்த அடையாளம்தான் இருந்தது. மறுபடி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் வீட்டு வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டு, கையால் முறுக்கி, கால் சுற்று தொட்டு, பிரஷ்ஷைத் தேடி எடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினான். கண்ணை இடுக்கினான். குமிழி இல்லை.

மணி ஒன்றே முக்கால். ஒரு வாரம் ஊற வேண்டிய கேஸ் ஒரு மணி நேரத்தில் ஊற வேண்டும். அதற்கு முரட்டு வழி ஒன்று உண்டு. அழுத்தத்தை மூன்று மடங்கு ஏற்றி, கெக்கைத் தரையில் படுக்கப் போட்டு, உருட்ட வேண்டும். நெவில் மண்டி போட்டுக் கையால் உருட்டினான்.

"அப்படி இல்ல. தள்ளு." ரிஸ்தோ வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பூட்ஸையும் கெக்கின் மேல் வைத்துத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினான். உள்ளே பியர் களக் களக் என்றது. ஐந்து நிமிஷத்தில் கால் வலித்தது. எழுந்தான். நெவில் உட்கார்ந்து ஆட்டினான். பிறகு ரிஸ்தோ. பிறகு நெவில். பேச்சு இல்லை. முறை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இரண்டரைக்கு ரிஸ்தோ எழுந்து கால்சட்டையைத் தட்டினான். "மறுபடி ஃப்ரிட்ஜுல வை. அழுத்தத்த எறக்கு. மொத ரெண்டு கிளாஸ் நொரதான் வரும், கொட்டிரு." பின்கதவு வழியாகப் போனான்.

கோரல் ஜன்னலில் நின்று அழுதாள் என்று எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "நான் வெங்காயம் வதக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அதுல என்னத்த வேணும்னாலும் எழுதிக்க."

9

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தோம். பத்துப் பேர், தெருவோரப் புல்லில். முன்வாசல் வழியாக ரிஸ்தோவும் வந்தான். சட்டை மாற்றியிருந்தான், மீசை வாரியிருந்தான். கையில் தன் வீட்டு பியர் ஒரு பாட்டில், தன் திறப்பான். எல்லோரும் அந்தப் பாட்டிலைப் பார்த்தோம். சாசேஜுக்கு மட்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிக்கை இருக்க முடியாது.

சாசேஜ் தின்றோம். சியோனே ஏழு தின்றான். ஃப்ரிட்ஜை நெவில் வாசலுக்கே உருட்டிக் கொண்டுவந்திருந்தான். அதன் மேல் கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒருத்தனும் அந்தப் பக்கம் நகரவில்லை. புல்லுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் எட்டு அடி இருக்கும்.

நெவில் குழாயைத் திறந்தான். நுரை. கொட்டினான். மறுபடி நுரை. கொட்டினான். மூன்றாவது கிளாஸ் தேன் நிறத்தில் தெளிவாக ஏறி, மேலே இரண்டு விரல் வெள்ளையோடு நின்றது. அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான்.

"இது யாருக்குன்னும் இல்ல," என்றான். "குழா சரியா இருக்கான்னு பாத்தேன்."

"அது அவன் ஊத்துனது," என்றான் ரிஸ்தோ, யாரையும் பார்க்காமல்.

"குழாவச் சோதிக்க ஊத்துனது, தலைவரே," என்றான் சியோனே. "சோதிக்கறதுக்குத் தீர்மானம் இருக்கா?"

ரிஸ்தோ மீசையைத் தடவிக்கொண்டான்.

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ரிஸ்தோ எட்டடியைக் கடந்து போய் அந்தக் கிளாஸை எடுத்துக் குடிக்கிறான். "பதினாலு வருஷம் ஒரே மிடறில் கரைந்..." அடித்துவிட்டேன். ஒன்றும் கரையாது. மழையில் நின்றவனுக்கு முட்டிவலி இன்னும் இருக்கிறது.

(ஆ) ரிஸ்தோ எடுத்துத் தரையில் கொட்டுகிறான். இதைச் சொன்னபோது சியோனே என் மேல் கோபப்பட்டான். "அவன் பிடிவாதக்காரன்தான். பியரத் தரையில ஊத்தற அளவுக்குக் கெட்டவனில்ல."

(இ) சாசேஜ் தீர்கிறது. எல்லோரும் போகிறார்கள். நெவில் பத்தொன்பது லிட்டரையும் இரண்டு மாதத்தில் தனியாகக் குடித்துத் தீர்க்கிறான். என் கைக்குத் தானாக வருகிற முடிவு இதுதான். நான் பார்த்து வளர்ந்த வாழ்க்கை இப்படித்தான் முடித்துவைக்கும்.

ஆனால் மூன்றிலும் ஒரு திருட்டு இருக்கிறது. கவனித்தீர்களா? இவ்வளவு நேரமும் ரிஸ்தோ குடிப்பானா, ரிஸ்தோ குடிப்பானா என்று உங்களைக் கேட்க வைத்தேன். ரிஸ்தோ பத்து வாரம் கேட்டில் நின்றவன். மறுக்க அவனுக்கு உரிமை உண்டு, அதை நான் அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன். ஃப்ரிட்ஜுக்கு மிகப் பக்கத்தில் நின்றது ரிஸ்தோ இல்லை. வெங்காயத் தட்டை எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிட்டவன் ஒருத்தன் இருந்தான். கையை நீட்டினால் கிளாஸ் எட்டும்.

நான்தான்.

வேலைநிறுத்தத்தில் நான் இல்லை. மழையில் நனையவில்லை. சம்பளம் இழக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதனோடு குடிக்காமல் இருந்தேன், அதுவும் ஒரு ஹெல்மெட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதற்காக. எடுத்தால், என்னைச் சேர்த்துக்கொண்ட ஒன்பது பேரின் முதுகில் ஏறி மன்னிக்கிறவன் ஆவேன். எடுக்காவிட்டால், எனக்கு யாரும் செய்யாத துரோகத்துக்கு வஞ்சம் தீர்க்கிறவன் ஆவேன்.

என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் என்னைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள், இந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். உங்களுக்கும் அந்தக் கேட் தெரியாது. நெவில் உங்களுக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. உங்கள் பின்னால் புல்லில் ஒன்பது பேர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கும் நாளை மறுநாள் இவர்களோடுதான் வேலை.

எடுப்பவன் யாரென்று தனக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக, நெவில் முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருக்கிற குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். துடைத்து முடித்தால் திரும்பித்தான் ஆக வேண்டும்.